கருவாட்டுக்குப் போன தாள்

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். டிகிரி முடித்துவிட்டேன். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வின் ரீடிங் (வாசிப்பு) பகுதியில் 7 பேண்ட் (தர மதிப்பெண்) வேண்டும். இரண்டு மாதமாகத் தினம் ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதியும் 40-க்கு 25-ஐத் தாண்டவில்லை. பிரிண்ட் எடுத்தே காசு கரைகிறது. மார்க் போட்டதும் தாள்களை அம்மா கருவாடு மடிக்க எடுத்துக்கொள்வதால் அதுவாவது வீணாகவில்லை. எனக்கு ஆங்கிலம் வரவே வராதா?

பதில்: அதை அப்புறம் பார்ப்போம், தம்பி. மார்க் போட்ட கையோடு தாள் கருவாட்டுக்குப் போகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, கோளாறு அங்கேதான். தினம் 15 தப்பு என்றால் இரண்டு மாதத்தில் 900. அதில் ஒன்றையாவது ஏன் தப்பு என்று உட்கார்ந்து பார்த்தாயா? உன் அம்மா நெத்திலியையும் காரலையும் ஒரே குவியலாகப் போட்டு விற்கமாட்டார். அவர் வெயிலில் காயவைத்து விற்ற காசில் வாங்கிய தாளை, பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு வீணாகவில்லை என்று எழுத உனக்குக் கூச்சமாக இல்லையா?

முழுத் தேர்வு இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாளில், தேர்வில் வரும் மூன்று பாசேஜில் (வாசிப்புப் பகுதியில்) ஒன்றே ஒன்று, 20 நிமிடம். அதன்பிறகு ஒரு மணி நேரம் திருத்தம். ஒவ்வொரு விடையும் எந்த வரியிலிருந்து வந்தது என்று பென்சிலால் கோடு போடு. தப்பானவற்றின் பக்கத்தில் காரணம் எழுது: சொல் தெரியவில்லை, இடத்தைத் தவறவிட்டேன், இடம் சரி ஆனால் ‘ஒன்லி’, ‘மோஸ்ட்’ மாதிரிச் சின்னச் சொல்லை விழுங்கிவிட்டேன், நேரம் போதவில்லை. பத்து நாளில் எது அதிகம் என்று தெரிந்துவிடும். நேரம்தான் என்றால், கடைசி பாசேஜ்தான் பெரும்பாலும் கடினம். 60 நிமிடத்தை மூன்று பாசேஜுக்கும் வரிசையாக 17, 20, 23 என்று பிரித்துக்கொள்.

ஒரு வாக்கியம் பாசேஜோடு ஒத்துப்போகிறதா (ட்ரூ), முரண்படுகிறதா (ஃபால்ஸ்), பாசேஜில் சொல்லப்படவே இல்லையா (நாட் கிவன்) என்று கேட்கும் கேள்விகளில் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் விழும் குழி ஒன்று உண்டு. 1964 புயலில் பாம்பன் பாலம் சேதமானது, 46 நாளில் சரிசெய்தார்கள் என்று பாசேஜில் இருக்கிறது என்று வை. ‘தனுஷ்கோடி ரயில் நிலையத்தையும் திரும்பக் கட்டினார்கள்’ என்பது கேள்வி. கட்டவில்லை என்று உனக்குத் தெரியும், உடனே ஃபால்ஸ் போடுவாய். தப்பு. பாசேஜ் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, ஆகவே நாட் கிவன். ‘சரிசெய்ய ஒரு வருடம் ஆனது’ என்று கேட்டிருந்தால்தான் ஃபால்ஸ், ஏனென்றால் 46 நாள் என்ற வரி அதற்கு நேர் எதிராக நிற்கிறது. எதிராக நிற்கும் வரியைத் தொட்டுக் காட்ட முடியாவிட்டால் ஃபால்ஸ் எழுதாதே.

தப்புக்கு மார்க் குறைப்பதில்லை, ஒன்றையும் காலியாக விடாதே. இரண்டு சொல்லுக்கு மிகாமல் என்று கேட்ட இடத்தில் மூன்று சொல் எழுதினால் போச்சு. ஸ்பெல்லிங் பிழைக்கும் மார்க் இல்லை. பேப்பரில் எழுதினால் விடைத்தாளுக்கு மாற்றத் தனி நேரம் தரமாட்டார்கள். வீட்டிலும் அந்த 60 நிமிடத்துக்குள்ளேயே எழுதிப் பழகு.

சாயங்காலம் அம்மா கருவாடு பிரிக்கும்போது நீயும் கூட உட்கார்ந்து பிரி. கடல் தாண்டிப் போகப்போகிறவன் இப்போதே அறைக்கதவைச் சாத்திக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. அன்றைய பாசேஜை ஒரு பாராவுக்கு ஒரு வரி என்று அவருக்குத் தமிழில் சொல். எங்கே திக்குகிறாயோ அந்தப் பாரா உனக்குப் புரியவில்லை. “அது எந்த வரியில இருக்கு?” என்று அவர் கேட்கட்டும், அதைக் கேட்க அவருக்கு ஆங்கிலம் தெரியவேண்டாம். நீ விரல் வைத்துக் காட்டவேண்டும்.

23 சரியாக இருந்தால் 6 பேண்ட், 30 என்றால் 7. உனக்கு இன்னும் ஐந்துதான் தேவை, அந்த ஐந்து நீ திருத்தாத தப்புகளுக்குள்ளேதான் கிடக்கிறது. கருவாடு மடிக்கப் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் வாங்கிக் கொடு. தேர்வுத் தாளை ஃபைலில் போட்டு வை. பத்து நாள் கழித்து அதே பாசேஜை விடையைப் பார்க்காமல் மறுபடி எழுது.