ஐந்தரை அடி உயரத்தில் கல்லூரி கூடைப்பந்து அணியில் ஆட வாய்ப்பு கிடைக்குமா?

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் பி.காம். முதலாண்டு படிக்கும் தம்பி கேட்டிருக்கிறார். உயரம் 5 அடி 5 அங்குலம், பள்ளி அணியில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தை முன்னால் கொண்டுபோய் ஆட்டத்தை அமைத்துக் கொடுக்கிறவர். கல்லூரி அணியில் பெயர் இருக்கிறது, சீருடையும் கொடுத்துவிட்டார்கள், ஆனால் களத்தில் இறக்குவதில்லை. "இந்த உயரத்துக்கு ஆட நேரம் கிடைக்குமா, இல்லை விட்டுவிட்டுப் படிப்பைப் பார்க்கலாமா?" என்பது கேள்வி.

கிடைக்கும், தம்பி. எல்லாக் கல்லூரியிலும் கிடைக்காது. அதைப் பிறகு சொல்கிறேன். நான் உங்களைவிட ஓர் அங்குலம் குறைவு. ஈரோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி அணிக்கு ஆடினேன். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மாலையில் நேரம் கிடைத்தால் கிளப் மைதானத்தில் பையன்களோடு நிற்கிறேன். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை: முதலாண்டில் படிப்பைப் பார்ப்பதற்காக விளையாட்டை விட்டவர்கள் யாரையும் நான் நூலகத்தில் கண்டதில்லை. கேன்டீனில் நிறையப் பேரைக் கண்டிருக்கிறேன்.

"உயரம் போதாது" என்று பயிற்சியாளர் சொன்னால், நீங்கள் கூடை போட மாட்டீர்கள் என்று அவர் பயப்படுவதாக நினைத்துக்கொள்கிறோம். வளையம் எல்லோருக்கும் 3.05 மீட்டர்தான். ஆறரை அடி ஆளும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அவருடைய பயம் களத்தின் மறுபாதியில் இருக்கிறது. நீங்கள் இறங்கிய உடனே எதிரணிப் பயிற்சியாளர் எழுந்து உங்கள் பக்கம் கை காட்டுவார். நீங்கள் தடுக்க வேண்டிய ஆள் நேராக வளையத்தடிக்குப் போய், உங்களை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பந்து கேட்பான். இல்லையென்றால் அவர்களுடைய சென்டர், அதாவது வளையத்தடியில் நிற்கும் உயரமான ஆள், வந்து உங்கள் வழியை மறித்து ஸ்க்ரீன் போடுவான், தடுக்க வேண்டிய ஆள் மாறும், அந்த நெட்டையன் உங்கள் பொறுப்பில் வந்து நிற்பான். இப்படி இரண்டு கூடை விழுந்துவிட்டால் உங்களை வெளியே கூப்பிட்டுவிடுவார்கள். நீங்கள் இந்தப் பக்கம் அடித்த புள்ளிகளை அப்போது யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே எத்தனை புள்ளி எடுப்பேன் என்று காட்டும் ஆசையை இந்தப் பருவம் மூட்டை கட்டி வையுங்கள். நீங்கள் களத்தில் இருப்பதால் அணிக்கு எத்தனை புள்ளி நஷ்டம் என்பதுதான் பயிற்சியாளர் மனதில் ஓடும் கணக்கு. அந்த நஷ்டத்தைக் குறைத்துக் காட்டினால் போதும். நான் பார்த்த வரையில், உயரம் குறைந்தவர்கள் பெஞ்சிலிருந்து எழுந்து போனதெல்லாம் இந்த வழியில்தான்.

வளையத்தடியில் வைத்து உயரமானவனைத் தடுக்க முடியாது என்றால், பந்து அவனிடம் போய்ச் சேரும் நேரத்தைத் தின்ன வேண்டும். களத்தின் நீளம் 28 மீட்டர். பந்தை 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும், 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். எதிரணி கார்டு தன் பக்கத்தில் பந்தை வாங்கும்போதே நீங்கள் அவன் முன்னால் நின்றுவிட்டால், அவன் முதுகைக் காட்டித் திரும்பித் திரும்பி நடுக்கோட்டைத் தாண்டுவதற்கு ஆறேழு விநாடி ஓடிவிடும். மிச்சமிருக்கும் நேரத்தில் அவர்கள் ஆட்டத்தை அமைத்து, சென்டரை இடத்தில் நிறுத்தி, அவனுக்குப் பந்து கொடுத்தாக வேண்டும். அவசரம் வந்துவிடும். அவசரத்தில் எறிந்த பந்து பெரும்பாலும் வளையத்தில் பட்டுத் திரும்பும். இந்த வேலைக்கு ஆறரை அடி ஆள் சரிப்பட்டு வரமாட்டான். ட்ரிப்ளிங் செய்கிறவன், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுகிறவன், அவனுடைய பந்து முழங்கால் உயரத்தில் துள்ளுகிறது, நெட்டையன் அதற்காகக் குனிய வேண்டும். உங்கள் கை ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு விதி இருக்கிறது, கல்லூரிப் பையன்கள் பலர் இதை மறந்தே ஆடுகிறார்கள். எதிராளி பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நீங்கள் ஒரு மீட்டருக்குள் நெருங்கி நின்று மறித்தால், அவன் 5 விநாடிக்குள் பாஸோ ஷாட்டோ ட்ரிப்ளிங்கோ செய்ய வேண்டும். ஏற்கெனவே ட்ரிப்ளிங்கை நிறுத்தியவன் மறுபடி தட்ட முடியாது, அவனுக்கு அந்தக் கடைசி வழியும் அடைபட்டுவிடும். அவன் விழிக்கும் விழியைப் பார்க்க வேண்டுமே!

நாற்பது நிமிடமும் இப்படி ஓட யாராலும் முடியாது. இரண்டாவது குவார்ட்டரின் கடைசி மூன்று நிமிடம், எதிரணியின் முதல் கார்டு களைத்திருக்கும் நேரம், அப்படிப்பட்ட துண்டு துண்டான நேரம்தான் முதலில் கிடைக்கும். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மூன்று நிமிடத்தில் உயிரைக் கொடுத்து ஓடுங்கள். மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் முதல் ஐவருக்குத்தான்.

அப்படியும் உங்கள் ஆள் வளையத்தடிக்கு வந்துவிட்டால், பின்னால் நின்று கையைத் தூக்கிப் பயனில்லை. அவனுக்கும் பந்துக்கும் நடுவில் புகுந்துவிடுங்கள். முழங்காலை மடக்கி, எடையை முன்பாதத்தில் வைத்து, இடுப்பால் அவன் தொடையை அழுத்தி நில்லுங்கள். ஒரு கை பந்து வரும் பாதையில் விரிந்திருக்கட்டும். இப்போது அவனுக்கு நேராகப் பாஸ் கொடுக்க முடியாது, உங்கள் தலைக்கு மேலே வளைத்துப் போட வேண்டும். அப்படி வளைந்து வரும் பந்துக்கு உங்கள் அணியின் சென்டர் பின்பக்கமிருந்து ஓடிவர வேண்டும். அவன் வராவிட்டால் நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண். ஆகவே அந்த சென்டரோடு சிநேகமாக இருங்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்காருங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உயரம் குறைந்த கார்டு களத்தில் நிலைப்பதும் நிலைக்காததும் பாதி அந்த ஒருவன் கையில் இருக்கிறது.

அடுத்தது பந்தைத் தொலைக்காமல் இருப்பது. எனக்கு முதன்முதலில் ஆட நேரம் கிடைத்ததே இதனால்தான். எங்கள் முதல் கார்டு மூன்றாவது குவார்ட்டரில் நாலாவது ஃபவுல் வாங்கிவிட்டான், இன்னொன்று வாங்கினால் வெளியே. எதிரணி களம் முழுக்க நெருக்கிக்கொண்டிருந்தது. பி.டி. சார் என் தோளைப் பிடித்து, "கண்ணு, நீ கூடையைப் பார்க்கவே வேண்டாம். பந்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடு, போதும்" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன், அவ்வளவுதான். ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, அந்த ஆட்டத்தில் தோற்றும்போனோம். ஆனால் அடுத்த ஆட்டத்தில் எதிரணி நெருக்க ஆரம்பித்ததும் சார் தானாகவே பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

நெருக்கத்தை உடைப்பதில் ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். நடுக்கோட்டைத் தாண்டியதும் ஓரக்கோட்டை ஒட்டிய மூலை இருக்கிறதே, அங்கே போகாதீர்கள். ஒரு பக்கம் ஓரக்கோடு, பின்னால் திரும்பிப் போக முடியாத நடுக்கோடு, முன்னால் இரண்டு பேர். குள்ளமானவனுக்கு அந்த நான்கு கைகளுக்கு மேலே பார்வையும் எட்டாது, பாஸும் எட்டாது. களத்தின் நடுவிலேயே வாருங்கள். இரண்டாவது ஆள் உங்களை நோக்கிக் கிளம்பும் அந்தக் கணத்தில், அவன் விட்டுவிட்டு வந்த ஆளுக்குப் பந்தைக் கொடுத்துவிடுங்கள். அவன் வந்து சேர்ந்த பிறகு கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது.

இனி உங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கதி. கலைக்கல்லூரிகள் திறந்து அணித் தேர்வு நடப்பது ஆனி, ஆடி ஒட்டி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும் மாதங்கள். உடுமலையிலும் பல்லடத்திலும் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மாவா? ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்றால், கூரையில்லாத சிமெண்ட் களத்தில் 6.75 மீட்டருக்கு அப்பாலிருந்து எறியும் பந்து எங்கே போய் விழும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளரங்கில் மூன்று புள்ளிகளாக அடித்துத் தள்ளுகிறவர்கள் அந்த மாதங்களில் திணறுவார்கள். அப்போது மதிப்பு யாருக்கென்றால், பந்தைத் தரையோடு வைத்துக்கொண்டு உள்ளே புகுந்து, தரையில் தட்டிப் பவுன்ஸ் பாஸ் கொடுக்கிறவனுக்கு. இடைவேளைக்குப் பிறகு இரு அணிகளும் பக்கம் மாறும் என்பதால், எந்தப் பாதியில் காற்றை எதிர்த்து எறிகிறோம் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பார்த்து வைத்துக்கொண்டு சொல்கிற கார்டைப் பயிற்சியாளர்களுக்கு மிகவும் பிடிக்கும். இதற்கு உயரமே வேண்டாம்.

உள்ளே புகுந்த பிறகு கூடை போடுவது தனிக் கலை. உயரமானவனை நெருங்கிப் போய் எறிந்தால் அடித்து வெளியே தள்ளிவிடுவான். அவனுக்கு இரண்டடி முன்னாலேயே, இரண்டு கால்களிலும் நின்று எழும்பி, உயரமாகத் தூக்கிப் போட வேண்டும். ஃப்ளோட்டர் என்பார்கள். வளையத்துக்கு மேலே எழும்பிய பந்து இறங்கத் தொடங்கிவிட்டால் அதை அவன் தொடக் கூடாது, தொட்டால் கூடை உங்களுக்கு. வளையத்துக்கு மேலே பலகையில் பட்ட பந்துக்கும் இதே சட்டம். ஆகவே லே-அப் போகும்போது, அதாவது ஓடிப்போய் வளையத்தருகில் எழும்பிப் போடும்போது, அவன் கை வருவதற்குள் பந்தைப் பலகையில் உயரமாகச் சாத்திவிடுங்கள். இன்னொன்று, வளையத்தின் அடியில் புகுந்து மறுபக்கமாக எறிவது. அப்போது உங்களுக்கும் அவன் கைக்கும் நடுவில் வளையமும் வலையும் காவல் நிற்கும். இந்த மூன்றையும் இடது கையிலும் பழக வேண்டும். இடது கை வராத ஐந்தரை அடி கார்டை எதிரணி அரை ஆட்டத்துக்குள் கண்டுபிடித்துவிடும்.

மக்ஸி போக்ஸ் காணொளியை யாராவது உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். 5 அடி 3 அங்குலம், அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணிக்கு ஆடி, 1987இல் அந்நாட்டுத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் புது ஆட்டக்காரர் தேர்வில் 12ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, 14 பருவங்கள் ஆடியவர். அந்தக் காணொளிகளில் பின்னணி இசையோடு "மனம் இருந்தால் போதும்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது எரிச்சல். மனம் எல்லோருக்கும் இருக்கிறது. அவர் எதிராளியின் பந்தைப் பறித்தார், தன் பந்தை இழக்கவே மாட்டார். அதனால்தான் அத்தனை வருடம் அவரை வைத்திருந்தார்கள்.

உங்களுக்கு இன்னும் பொருத்தமான ஆள் ஜப்பானின் ருய் மச்சிடா. 162 சென்டிமீட்டர், ஏறத்தாழ 5 அடி 4 அங்குலம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக 18 அசிஸ்ட், அதாவது கூடையில் முடிந்த பாஸ், கொடுத்தார். ஒலிம்பிக் பெண்கள் கூடைப்பந்தில் ஓர் ஆட்டத்தில் அது சாதனை. ஜப்பான் வெள்ளி வாங்கியது. அந்த அணியே உயரம் குறைந்த அணி. எல்லோரும் வெளியே விரிந்து நின்று எறிவார்கள், நடுவில் கிடைக்கும் வெற்றிடத்தில் மச்சிடா ஓடுவார். கல்லூரி ஆண்கள் அணிப் பையன்கள் பெண்கள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை என்று ஒரு வீம்பு வைத்திருக்கிறார்கள். விட்டுவிடுங்கள், நீங்கள் பாருங்கள்.

நேரில் பார்க்கவும் நமக்குப் பஞ்சமில்லை. கோவை பீளமேட்டில் பி.எஸ்.ஜி. கோப்பை, கரூர் திருவள்ளுவர் மைதானத்தில் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுப் போட்டி, இரண்டுக்கும் வெளிமாநில அணிகளும் வங்கி, ராணுவ அணிகளும் வருகின்றன. போனால் பந்தைப் பார்க்காதீர்கள். ஒரு கார்டைத் தேர்ந்தெடுத்து, அவர் கையில் பந்து இல்லாதபோது என்ன செய்கிறார் என்று ஒரு குவார்ட்டர் முழுக்கப் பாருங்கள். யாரிடம் எப்போது கத்துகிறார், எந்தப் பக்கம் கை காட்டுகிறார், ஃபவுல் விசில் அடித்ததும் யாரிடம் போய்ப் பேசுகிறார். அங்கே ஆடும் கார்டுகளே பெரும்பாலும் உங்களைவிட உயரமானவர்கள் என்பதையும் கவனிப்பீர்கள்.

அதுதான் முதலில் தள்ளி வைத்த விஷயம். கட்டணச் சலுகையும் ஹாஸ்டலும் கொடுத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் சேர்க்கும் பெரிய கல்லூரிகள் கோவையில் சில இருக்கின்றன. அங்கே கார்டு இடத்துக்கும் மாநில அணிக்கு ஆடிய, உங்களைவிட அரையடி உயரமான, உங்கள் அளவுக்கே வேகமான பையன்கள் வருவார்கள். வேகம் சமமாக இருக்கும்போது உயரம்தான் ஜெயிக்கும். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட அணியில் நீங்கள் இருந்தால், மூன்று வருடமும் தண்ணீர் பாட்டில் தூக்குவீர்கள், கிளப் அணியில் ஆடுங்கள் என்று சொல்லியிருப்பேன். நீங்கள் சொன்னதைப் பார்த்தால் உங்கள் அணி சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து வந்த பையன்களால் ஆனது. பாரதியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அப்படிப்பட்ட அணிகளுக்குப் பந்தை ஒழுங்காகக் கொண்டுபோகத் தெரிந்த ஒருவன் கிடைப்பதே அரிது.

பி.டி. சாரிடம் போய் "ஏன் சார் என்னை இறக்கவில்லை" என்று கேட்காதீர்கள். அதற்கு அவர் சொல்லும் பதில் உங்களுக்கு முன்பே தெரியும். "சார், பயிற்சியில் முதல் கார்டை நான் களம் முழுக்கத் தடுக்கிறேன், பாருங்கள்" என்று கேளுங்கள். தினமும் அதே ஆளை. அவன் உங்கள்மேல் கோபப்பட ஆரம்பித்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணியில் மூன்றாமாண்டு கார்டுகள் யார் யார் என்றும் பார்த்து வையுங்கள். ஏப்ரலில் அவர்கள் போய்விடுவார்கள். ஜூனில் புதிதாக ஓர் ஆறடிக்காரன் வந்து சேருவதற்குள் அந்த இடத்தில் நீங்கள் ஆடிக்கொண்டிருக்க வேண்டும்.