பெயரை நீக்கினால் நோயாளியின் அடையாளம் மறைந்துவிடுமா?

கேள்வி: எங்கள் மருத்துவமனையின் ஐந்தாண்டு நீரிழிவுப் பதிவுகளைக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்குத் தரவிருக்கிறோம். பெயரையும் முகவரியையும் நீக்கி, கைபேசி எண்ணை ஹாஷ் செய்துவிட்டோம், அதாவது ஒரு கணிதச் சூத்திரத்தின் வழியே வேறொரு குறியீடாக மாற்றிவிட்டோம். பிறந்த தேதி, பாலினம், பின்கோடு, பரிசோதனை முடிவுகள் அப்படியே உள்ளன. இது போதுமா?

பதில்: போதாது. நீங்கள் விட்டுவைத்திருக்கும் பிறந்த தேதி, பாலினம், பின்கோடு ஆகிய மூன்றும் சேர்ந்தாலே பலரைத் தனித்துக் காட்டிவிடும். 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்கு வழங்கப்பட்டபோது, மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி, 20 டாலருக்கு வாங்கிய கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலோடு அவற்றை ஒப்பிட்டு, ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவைக் கண்டெடுத்தார். அந்நகரில் ஆளுநரின் பிறந்த தேதியைக் கொண்டவர்கள் அறுவர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் அவர் ஒருவரே.

கைபேசி எண்ணை ஹாஷ் செய்ததும் பாதுகாப்பாகாது. நம் நாட்டுக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையுள்ள இலக்கங்களில் தொடங்கும் பத்து இலக்கங்கள் என்பதால், சாத்தியமான எண்கள் அதிகபட்சம் 400 கோடிதான். அவை அனைத்தையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டு உண்மையான எண்ணைக் கண்டறிய ஒரு சாதாரணக் கணினிக்குச் சில மணி நேரம் போதும். எனவே கைபேசி எண்ணுக்கான நிரலை (column) அடியோடு நீக்கிவிட்டு, ஒவ்வொரு நோயாளிக்கும் எந்த ஒழுங்கும் இல்லாமல் தற்போக்கில் (random) ஓர் ஆய்வு எண்ணைக் கொடுங்கள். எந்த எண் யாருக்கு உரியது என்ற அட்டவணை மருத்துவமனையை விட்டு வெளியேறக் கூடாது.

அடுத்து, பிறந்த தேதிக்குப் பதிலாக ஐந்தாண்டு வயதுப் பிரிவையும், பின்கோட்டின் முதல் மூன்று இலக்கங்களையும் மட்டும் வையுங்கள். வயது, பாலினம், பகுதி ஆகியவற்றின் எந்தச் சேர்க்கையிலும் குறைந்தது ஐந்து பேராவது இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் பிரிவை அகலமாக்கலாம், அல்லது அப்பதிவை விட்டுவிடலாம். இதைத்தான் கே-அனாநிமிட்டி என்கிறார்கள். இதிலும் ஓர் ஓட்டை உண்டு: ஒரு பிரிவில் உள்ள ஐவருக்குமே சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால், அவர்களில் யார் எந்தப் பதிவுக்கு உரியவர் என்று தெரியாமலேயே ஐவரின் நோயும் வெளிப்பட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் முடிவுகள் வேறுபடுகின்றனவா என்றும் பாருங்கள்.

ஆய்வுக்கு எண்ணிக்கைகள் மட்டும் போதுமென்றால் பதிவுகளைத் தரவே வேண்டாம். எண்ணிக்கைகளில் கணக்கிட்ட அளவு தற்போக்குப் பிழையைச் சேர்த்துத் தரும் டிஃபரென்ஷியல் பிரைவசி என்ற முறை இருக்கிறது. 2006இல் முன்வைக்கப்பட்ட அதை, அமெரிக்கா தன் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கையாண்டது. ஆனால் சில நூறு பேர் கொண்ட பதிவேட்டில் அந்தப் பிழை உண்மையான எண்ணிக்கையையே அமுக்கிவிடக்கூடும் என்பதால், உங்களுக்கு முந்தைய வழியே பொருந்தும் என்பது என் கருத்து.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெறுவதோடு, கோப்பை அனுப்பும் முன், ஊர்மக்களை நன்கறிந்த உங்கள் செவிலியர் ஒருவரிடம் அதைக் காட்டி, யாரையாவது அடையாளம் காண முடிகிறதா என்று கேளுங்கள். அவரால் ஒருவரையேனும் சொல்ல முடிந்தால், எந்த நிரல் காட்டிக்கொடுத்தது என்று பார்த்துச் சரிசெய்த பிறகே கோப்பை அனுப்புங்கள்.