உசிலம்பட்டியிலேயே மனநல மாத்திரையைத் தொடர்ந்து வாங்க

மனநோய்க்கு ரிஸ்பெரிடோன் மாத்திரை எடுத்துவரும் உங்கள் தாயாரை, அதை வாங்குவதற்காக மாதந்தோறும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய கட்டாயமில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மனநல மருத்துவர் குறித்த நாட்களில் வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளுக்கு வருவது வழக்கம் என்பதால், உசிலம்பட்டி அரசு மருத்துவமனையில் அந்த நாள் எது என்று முதலில் கேளுங்கள்.

ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் "ரிஸ்பெரிடோன் இருப்பில் இல்லை" என்று திருப்பி அனுப்பியதற்கு, அவருடைய பெயர் அங்குள்ள பதிவேட்டில் ஏறாததே காரணமாக இருக்கலாம். வழக்கமாக வருவோரைக் கணக்கிட்டுத்தான் மருந்துக்கு இண்டென்ட் (மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல்) போடுவார்கள்.

1. அடுத்த முறை மதுரை மருத்துவரிடம், ஓ.பி. சீட்டில் மருந்தின் மூலப்பெயர் (நிறுவனம் வைத்த பெயர் அல்ல), அளவு, "ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடரலாம்" என்ற ஒரு வரி ஆகியவற்றை எழுதி வாங்குங்கள்.

2. அந்தச் சீட்டை மருந்து கொடுக்கும் ஜன்னலில் நீட்டாமல், மருத்துவ அலுவலரிடமே காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை வரும்போது, மனநோய்க்கு மட்டும் ஒருநாள் கூலியை இழந்து பேருந்து ஏறச் சொல்வது நியாயமே அல்ல. ஆரம்ப நிலை உட்பட எல்லா நிலைகளிலும் பொது மருத்துவத்தோடு மனநலச் சேவையை இணைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவே சொல்கிறது, தயங்காமல் கேளுங்கள்.

அவர் லித்தியம் அல்லது குளோசபின் என்ற மனநல மருந்தையும் எடுப்பவராக இருந்தால் இரத்தப் பரிசோதனை அவசியம் என்பதால், மனநல மருத்துவரைக் கேட்காமல் மருந்து வாங்கும் இடத்தை மாற்ற வேண்டாம். ஏற்பாடு முடியும்வரை ஒரு வேளை மாத்திரையும் விடுபடக் கூடாது. இடையில் சந்தேகம் எழுந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை) எண்ணை இலவசமாக அழைக்கலாம்.