ராமேஸ்வரத்துக்கு ஒரு நாள் பயணம்: சொந்தக் காரா, வாடகை வண்டியா?

கேள்வி: மதுரையில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 55,000 ரூபாய் வருகிறது. அதில் வீட்டுக் கடன் தவணை 18,000 ரூபாய். அப்பாவுக்கு வயது 74, அம்மாவுக்கு 69. இருவரையும் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஒரே நாளில் ராமேஸ்வரம் அழைத்துச் சென்று வர நினைக்கிறேன். 10,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எங்களிடம் இருப்பது ஐந்து பேர் அமரும் சிறிய கார். பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய ஏழு இருக்கை வண்டியை 4,000 ரூபாய் வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். ஒரு டிராவல்ஸில் கிலோமீட்டருக்கு 19 ரூபாய், ஓட்டுநர் பேட்டா 600 ரூபாய், சுங்கமும் பார்க்கிங்கும் தனி என்றார்கள். இன்னொரு டிராவல்ஸில் பேட்டா உட்பட 8,000 ரூபாய் பேக்கேஜ். 12 மணி நேரம், 350 கிலோமீட்டர். அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 20 ரூபாய், மணிக்கு 250 ரூபாய். இப்படி வருடத்துக்கு நான்கு முறையாவது வெளியே போவதால், பழைய காரைக் கொடுத்துவிட்டு 8 லட்சம் கடனில் பெரிய வண்டியாக வாங்கிவிடலாம் என்று மைத்துனர் சொல்கிறார். எது சரி?

பதில்: உங்கள் சொந்தக் காரைப் பற்றிய கணக்கை முதலில் முடித்துக்கொள்வோம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 175 கிலோமீட்டர். கோயிலிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போவதென்றால் இன்னும் 22 கிலோமீட்டர் அளவுக்கு வரும். போக வரக் கூட்டி, ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் 410 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஏசி போட்டு, ஆள் நிறைந்த சிறிய பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தால், எரிபொருளுக்குச் சுமார் 3,000 ரூபாய் ஆகும். டயர் தேய்மானம், சர்வீஸ், வண்டியின் மதிப்புக் குறைவு ஆகியவற்றுக்குக் கிலோமீட்டருக்கு 3 ரூபாயாவது போட வேண்டும். பெரும்பாலானோர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பதால்தான் சொந்தக் கார் எப்போதும் மலிவாகத் தெரிகிறது. சுங்கத்தையும் பார்க்கிங்கையும் சேர்த்தால் மொத்தம் 4,700 ரூபாய் அளவில் நிற்கும். வாடகை வண்டியை விட இது குறைவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நீங்கள் ஆறு பேர். பதிவுச் சான்றிதழில் ஓட்டுநரோடு சேர்த்து ஐந்து பேர் என்று குறிக்கப்பட்டிருக்கும் வண்டியில், ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் போவது வசதியுமல்ல, பாதுகாப்புமல்ல. விபத்து என்று ஏதாவது நேர்ந்தால் இழப்பீட்டுக் கோரிக்கையிலும் அது வம்பாக வந்து நிற்கும். ஆகவே மிச்சமாகக் கூடிய அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் யோசனைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. வெள்ளை எண் பலகை கொண்ட தனியார் காரின் காப்பீட்டுப் பாலிசியில், வண்டியை வாடகைக்கு விட்டால் காப்பீடு செல்லாது என்ற நிபந்தனை இருக்கும். வாடகைக்கு ஓட்ட வேண்டுமென்றால் அதற்கான அனுமதிச் சீட்டும் மஞ்சள் பலகையும் தேவை. அவர் நட்புக்காகச் சாவியைக் கொடுத்தால் அது வேறு விஷயம். 4,000 ரூபாய் கைமாறிவிட்டால் அது வாடகை. நீங்கள் ஜிபேயில் அனுப்பும் அந்தப் பணமே பிறகு சாட்சியாகவும் ஆகும். வண்டி சேதமடைந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடலாம். பழுது பார்க்கும் செலவு ஒரு பக்கம், அண்டை வீட்டு உறவு கெடுவது இன்னொரு பக்கம். நட்பாகவே தந்தாலும், அவருடையது மூன்றாம் நபர் பாலிசி மட்டும்தானா, முழுமையான பாலிசியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ள தனியார் காரில், உள்ளே அமர்ந்து வருபவர்களுக்குப் பொதுவாகக் காப்பீடு கிடைப்பதில்லை. இதோடு, நாள் முழுவதும் நீங்களே ஓட்ட வேண்டும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அதிகாலையில் எழுந்து, தீர்த்தமாடி, வெயிலில் அலைந்து, இருட்டிய பிறகு பழக்கமில்லாத பெரிய வண்டியைத் திருப்பி ஓட்டி வருவதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

எனவே மஞ்சள் பலகை வண்டிதான். இப்போது இரண்டு டிராவல்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 8,000 ரூபாய் பேக்கேஜ் மலிவு போலத் தோன்றுகிறது. ஆனால் 350 கிலோமீட்டர் என்பது மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போய்த் திரும்பும் தூரம் மட்டுமே. தனுஷ்கோடிக்கு வண்டியைத் திருப்பிய நிமிடத்திலிருந்து கூடுதல் கட்டணம் ஓடத் தொடங்கும். டிராவல்ஸ்காரர்கள் தூரத்தை உங்கள் வீட்டிலிருந்து கணக்கிடுவதில்லை, ஷெட்டிலிருந்து கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும் வரை கணக்கிடுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, 60 கிலோமீட்டர் கூடுதலுக்கு 1,200 ரூபாய். காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்கு வந்தால் 16 மணி நேரம். நான்கு மணி நேரக் கூடுதலுக்கு 1,000 ரூபாய். எல்லாம் சேர்ந்து 10,200 ரூபாய். முதல் டிராவல்ஸில் 410 கிலோமீட்டருக்கு 7,790 ரூபாய், பேட்டா 600 ரூபாய், மொத்தம் 8,390 ரூபாய். வித்தியாசம் 1,810 ரூபாய். பேக்கேஜில் சுங்கம் அடக்கமா என்பதையும் அவர்கள் உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. முதல் டிராவல்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள்; காத்திருப்புக் கட்டணம் உண்டா, எத்தனை மணிக்கு மேல் இரவு பேட்டா என்ற இரண்டையும் மட்டும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னது இறங்கும்போது நினைவில் நிற்பதில்லை, இரு தரப்புக்கும்தான்.

ஏழு இருக்கை என்பது ஓட்டுநரையும் சேர்த்துத்தான் என்பதால் உங்கள் ஆறு பேருக்கும் இடம் சரியாக இருக்கும். ஆனால் கடைசி வரிசையை விரித்தபின் பை வைக்கப் பின்னால் அதிக இடமிருக்காது. பிள்ளைகளைக் கடைசி வரிசையிலும், அப்பா அம்மாவை நடு வரிசையிலும் உட்கார வைப்பதாகத் திட்டமிட்டு, மாற்றுத் துணிகளை இரண்டு சிறிய பைகளுக்குள் அடக்கிக்கொள்ளுங்கள்.

இனி அந்த நாளை எப்படி அமைப்பது என்று பார்க்கலாம். பணம் எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்பதை அதுதான் தீர்மானிக்கும். காலை 5 மணிக்குக் கிளம்பினால் பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை என்பதால் வேகமாகப் போய்விடலாம். அதற்குப் பிறகு ராமநாதபுரம் வரை இரு வழிச் சாலை, லாரிக்குப் பின்னால் பொறுமையாகத்தான் போக வேண்டும். ராமநாதபுரத்தில் வண்டியை நிறுத்தி, வீட்டிலிருந்து கொண்டுபோன மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை முடித்துக்கொண்டால், மண்டபம், பாம்பன் வழியாக 9 மணிக்கு ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்துவிடலாம். கோயில் பிற்பகல் 1 மணி முதல் 3 மணி வரை நடை சாத்தியிருக்கும் என்பதால், காலைப் பொழுதை வேறெங்கும் செலவழிக்காமல் நேராக அக்னி தீர்த்தத்துக்கும் கோயிலுக்கும் போய்விட வேண்டும்.

கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராட விரும்பினால் அதற்கான சீட்டைக் கோயில் கவுண்டரில் மட்டுமே வாங்குங்கள். வரிசையில் நிற்காமல் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று வழியில் அணுகுபவர்களிடம் ஆறு பேருக்குப் பேரம் பேசத் தொடங்கினால், உங்கள் நாளின் மொத்த உணவுச் செலவும் அங்கேயே கரைந்துவிடும். ஈரக் கல்தரையில் கிணறு கிணறாக நடப்பது 74 வயதுக்காரருக்கு எளிதல்ல. அப்பாவின் விருப்பத்தைக் கேட்டு, தேவையானால் நீங்கள் ஒருவர் மட்டும் கூடப் போய், மற்றவர்கள் பிரகாரத்தில் அமர்ந்திருக்கலாம். ஈர உடையோடு மூலவர் தரிசனத்துக்கு விடமாட்டார்கள் என்பதால் எல்லோருக்கும் மாற்றுத் துணி தேவை.

இங்கேதான் நான் தாராளமாகச் செலவழிக்கச் சொல்கிறேன். கோயிலைச் சுற்றியுள்ள விடுதிகளில் குளித்து உடை மாற்றவும் ஓய்வெடுக்கவும் சில மணி நேரத்துக்கு அறை தருகிறார்கள். அதற்கு 1,000 ரூபாய் ஒதுக்குங்கள். மதியம் சாப்பிட்டபின் பெரியவர்கள் இரண்டு மணி நேரம் கால் நீட்டிப் படுக்க முடிவதுதான் இந்தப் பயணம் வசதியாக இருந்ததா, அலைச்சலாக இருந்ததா என்பதைத் தீர்மானிக்கும். அதே நேரத்தில் ஓட்டுநரும் தூங்கிவிடுவார் என்பது எனக்கு அதைவிட முக்கியமாகப்படுகிறது. அதிகாலை 5 மணிக்கு உங்கள் வாசலில் நிற்க அவர் 4 மணிக்கே எழுந்திருப்பார், இரவில் உங்கள் ஆறு பேரின் உயிரும் அவர் விழிப்பில்தான் இருக்கிறது. அவரையும் சாப்பிட அழைத்துக்கொள்ளுங்கள். பேட்டாவில் சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்று கணக்குப் பார்க்கும் இடம் இதுவல்ல.

இரண்டரை மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு அரிச்சல்முனைக்குப் போய் வாருங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். போக வர 44 கிலோமீட்டருக்கு 836 ரூபாய் ஆகும், அது வீண் செலவல்ல. திரும்பும் வழியில் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் நெடுஞ்சாலையிலேயே இருப்பதால் அதற்குக் கூடுதல் தூரமில்லை. ஆனால் "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், தேவிபட்டினம் நவபாஷாணத்தையும் பார்த்துவிடலாமே" என்ற குரல் வண்டிக்குள் எழும். ராமநாதபுரத்திலிருந்து போக வர 30 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 600 ரூபாய், அதைவிட மேலாக ஒன்றரை மணி நேரம். இரவு பேட்டா தொடங்கும் நேரத்தைத் தொட்டுவிடுவீர்கள், பெரியவர்களும் சோர்ந்துவிடுவார்கள். அதை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் நிறுத்திப் படமெடுக்கும்படியும் ஓட்டுநரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். புதிய ரயில் பாலம் ஓடும் வண்டியிலிருந்தே நன்றாகத் தெரியும்.

மொத்தச் செலவு இப்படி வருகிறது: வண்டிக்கு 8,390, சுங்கம், பார்க்கிங் இரண்டுக்கும் 500, அறைக்கு 1,000, மதிய உணவு, தேநீர், இரவுச் சிற்றுண்டிக்கு 1,300, கோயிலில் 500. கூட்டினால் 11,690 ரூபாய். நீங்கள் ஒதுக்கிய 10,000 போதாது, 12,000 வேண்டும். குறையும் 2,000 ரூபாயைக் கிரெடிட் கார்டில் தேய்ப்பதற்குப் பதிலாகப் பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளையும் வார இறுதிகளையும் ஒட்டி வராத ஒரு வேலை நாளாக, பிள்ளைகளின் விடுமுறையில் தேர்ந்தெடுத்தால், அறை வாடகையும் கூட்டமும் குறைவாக இருக்கும்.

ரயிலையும் விட்டுவிட வேண்டாம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு ராமேஸ்வரம் வரை மீண்டும் ரயில் ஓடுகிறது, கட்டணமும் மிகக் குறைவு. அடுத்த முறை நீங்களும் பிள்ளைகளும் மட்டும் போவதானால் அதையே எடுங்கள். பெரியவர்களோடு போகும்போது, ரயில் நேரத்துக்கு நாளை வளைக்க வேண்டியிருப்பதும், இறங்கியபின் ஒவ்வோர் இடத்துக்கும் ஆட்டோ பேச வேண்டியிருப்பதும் அந்தச் சிக்கனத்தை ஓரளவு தின்றுவிடும்.

மைத்துனரின் யோசனைக்கு வருகிறேன். 8 லட்சம் ரூபாயை 9.5 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 13,075 ரூபாய். முடியும்போது வட்டியாக மட்டும் 3 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகக் கட்டியிருப்பீர்கள். ஒரு மாதத் தவணையே மேலே சொன்ன பயணத்தின் முழுச் செலவை விட அதிகம். வீட்டுக் கடனோடு சேர்த்தால் உங்கள் சம்பளத்தில் 31,075 ரூபாய், அதாவது பாதிக்கும் மேல், தவணைக்கே போய்விடும். வருடத்துக்கு நான்கு பயணங்களை வாடகை வண்டியில் போனால் 48,000 ரூபாய். அதே வருடத்தில் தவணை மட்டும் 1,56,900 ரூபாய், அதற்கு மேல் பெட்ரோலும் காப்பீடும் சர்வீஸும். மீதி 361 நாட்களுக்கு அந்தப் பெரிய வண்டி உங்களை அலுவலகத்துக்கு மட்டுமே கொண்டுபோகும். இப்போதிருக்கும் காரே அதற்குப் போதும். மாதம் 4,000 ரூபாயைத் தனி சேமிப்புக் கணக்கில் சம்பளத்தன்றே மாற்றிவிட்டால் நான்கு பயணங்களும் கடனில்லாமல் நடந்துவிடும்.

வண்டியைப் பதிவு செய்யும்போது முன்பணமாக 1,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம். வண்டி உங்கள் வாசலுக்கு வந்ததும் மீட்டரைப் படமெடுத்து, ஷெட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடி வந்தது என்று ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கும்போதும் ஒரு படம். திருப்பாச்சேத்தியிலும் போகலூரிலும் சுங்கச்சாவடி உண்டு. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வரச் சேர்த்து ஒரு வழிக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குதான் கழிக்கப்படும். சில ரசீதுகளில் அது இரண்டு மடங்காக எழுதப்பட்டிருக்கும் என்பதால், ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு மீதித் தொகையைக் கொடுங்கள்.