18,000 வெள்ளி மாப்பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 32 வயது. இங்கேயே மருத்துவம் படித்து, அரசாங்க மருத்துவமனையில் மருத்துவ அதிகாரியாக இருக்கிறான். ஐந்தாண்டு அரசாங்கப் பணிக் கடப்பாடு டிசம்பரில் முடிகிறது. பல கிளைகள் உள்ள ஒரு தனியார் மருந்தக (கிளினிக்) நிறுவனம் அவனை அழைத்திருக்கிறது. மாதம் 18,000 வெள்ளி, சேரும்போது கையில் 40,000 வெள்ளி. இப்போது வாங்குவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அவன் பிடிகொடுக்க மறுக்கிறான். முதியோர் மருத்துவத்தில் மேற்பயிற்சிக்குப் போக வேண்டுமாம்; இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் வார்டே கதி. என் தோழியின் மகன் மவுண்ட் எலிசபெத் தனியார் மருத்துவமனையில் நிபுணராக இருக்கிறான். அவன் எங்கே, இவன் எங்கே! பிப்ரவரியில் கல்யாணம். பெண் ஆசிரியை, நல்ல குடும்பம். பெண் வீட்டாரிடம் புதிய சம்பளத்தையே சொல்லியிருக்கிறோம். பெண்ணின் அப்பா அதை வைத்து ஒரு கொண்டோமினியம் வீடும் பார்த்துவிட்டார். ஒப்பந்தத்தின் இரண்டு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். இவன் மனத்தை மாற்ற ஒரு வழி சொல்லுங்கள்.
— ஒரு தாய், செங்காங், சிங்கப்பூர்

பதில்:

அம்மா,

மகனின் மனத்தை மாற்ற வழி கேட்டு மாதம் இரண்டு கடிதமாவது வருகிறது. மகன் மருத்துவர் என்றால் கடிதம் இன்னும் நீளம். உங்களுடையது ஐந்து பக்கம். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். தோழியின் மகன் வாங்கிய காருக்கே ஒரு பக்கம் செலவழித்திருக்கிறீர்கள். ஆனால் நான்காம் பக்கத்தில், மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே, போகிற போக்கில் ஒரு வரி எழுதினீர்களே, அதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது: ‘பெண் வீட்டாரிடம் புதிய சம்பளத்தையே சொல்லியிருக்கிறோம்.’

எந்தச் சம்பளம் அம்மா? அவன் கையெழுத்துப் போடாத, போட மாட்டேன் என்று உங்களிடமே சொன்ன வேலையின் சம்பளமா? ‘சொல்லியிருக்கிறோம்’ என்று பன்மையில் எழுதியிருக்கிறீர்கள். யார் யார்? நீங்களும் உங்கள் கணவருமா? மகன் அதில் சேர்த்தியா? ஐந்து பக்கத்திலும் தேடிப் பார்த்தேன், அவனுக்குத் தெரியும் என்று ஓரிடத்திலும் இல்லை. அவன் பெயரில், அவனுக்குத் தெரியாமல், இன்னொரு குடும்பத்திடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்று பழமொழியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். ‘ஆயிரம் முறை போய்ச் சொல்லி’ என்பதுதான் அப்படித் திரிந்துவிட்டது என்பவர்கள் உண்டு. திரியாமலே இருந்தாலும் நான் அதை ஏற்கிறவள் இல்லை.

அந்தத் தகப்பனார் நீங்கள் சொன்ன எண்ணை நம்பி வீடு பார்க்கிறார். அடுத்து வங்கிக்குப் போவார்கள். எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நாணய ஆணையத்தின் விதி. ஏறி இறங்கும் வருமானமாக இருந்தால், அதில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் வங்கி கணக்கே போடும். கடன் அதிகாரி சம்பளச் சீட்டைக் கேட்பார். மேசைக்கு இந்தப் பக்கம் உங்கள் மகன், வருங்கால மருமகள், ஒருவேளை சம்பந்தியும். சீட்டில் வேறு எண் இருக்கும். அங்கே தலைகுனிந்து உட்காரப்போவது நீங்கள் அல்ல.

அவன் கையெழுத்துப் போட்டுவிட்டால் பொய் மெய்யாகிவிடும், அதற்குத்தான் இந்த அவசரம் என்று புரிகிறது. ஆகாது. நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் படித்தேன். 18,000 வெள்ளிக்கு உத்தரவாதம் முதல் 12 மாதங்களுக்கு மட்டும். 13ஆம் மாதத்திலிருந்து அடிப்படைச் சம்பளம் 7,000 வெள்ளி. மிச்சமெல்லாம் அவன் ஈட்டித் தரும் வரவில் பங்கு. அதுவும் பில் போட்ட தொகையில் அல்ல. வசூலான தொகையில், மருந்து விலையைக் கழித்த பிறகு. பல நிறுவனங்களின் ஊழியர்கள் காப்புறுதி அட்டையோடு வருவார்கள். நடுவில் காப்புறுதிக் கணக்கைப் பார்க்கும் மூன்றாம் தரப்பு நிர்வாகி ஒருவர் உட்கார்ந்து ஆலோசனைக் கட்டணத்துக்கு வரம்பு கட்டுவார். பணமும் சாவகாசமாகத்தான் வரும். அந்த நிர்வாகிக்கு மருத்துவர் தரும் கட்டணம் நிர்வாகி செய்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், பில்லில் இத்தனை விழுக்காடு என்று இருக்கக் கூடாது என்று மருத்துவ மன்றம் விதி போட்டு, அது 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தது. விதி போட வேண்டிய அளவுக்கு அந்தப் பழக்கம் இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

அந்த 40,000 வெள்ளியும் மொய்ப்பணம் அல்ல. மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். (அதற்குள் அதை மண்டபத்துக்கு ஒதுக்கியிருப்பீர்கள்.) விலகிய பிறகு ஓராண்டுக்கு எந்தக் கிளைக்கும் இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் தொழில் செய்யக் கூடாதாம். நிறுவனத்துக்கு முப்பது கிளைகள். இந்தத் தீவின் வரைபடத்தில் முப்பது வட்டம் போட்டுப் பாருங்கள். மிஞ்சுவது நீர்த்தேக்கங்களும் கடலும்தான்.

பங்குக் கணக்கு என்றால் என்ன என்பதை நான் உள்ளிருந்து பார்த்தவள். பத்திரிகைக்கு வருவதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் ஒரு மருந்தகத்தில் கணக்கு எழுதினேன். மாதக் கடைசியில் ஒரு தாள் தயாரிப்போம். முதல் கட்டத்தில் மருத்துவரின் பெயர், அடுத்ததில் பார்த்த நோயாளிகள், கடைசிக் கட்டத்தில் ஒரு நோயாளிக்குச் சராசரி பில். முதலாளியின் கண் முதலில் போவது கடைசிக் கட்டத்துக்குத்தான். சராசரி குறைந்த பெயருக்குக் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுப்பார். வயதான மருத்துவர் ஒருவர் இருந்தார். சாதாரணச் சளியோடு வருகிறவரிடம், “மருந்து எதற்கு? வெந்நீர் குடித்துவிட்டுத் தூங்குங்கள்” என்று சொல்லி அனுப்பிவிடுவார். இந்த ஊரில் பொது மருத்துவர்கள் தங்கள் மருந்தகத்திலேயே மருந்தும் கொடுக்கிறார்கள். வரவில் அதுவும் ஒரு பகுதி. வெந்நீருக்குப் பில் போட முடியுமா? மூன்று மாதம் தொடர்ந்து அவர் பெயருக்குக் கீழே கோடு. நான்காம் மாதம் அவர் எல்லோருக்கும் இருமல் மருந்து எழுத ஆரம்பித்தார். தாளைத் தட்டச்சு செய்தவள் நான். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லா மருந்தகமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்து மருந்தகங்கள் இல்லாவிட்டால் அரசாங்கப் பலதுறை மருந்தகங்கள் இரண்டே நாளில் மூச்சுத் திணறிவிடும். 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில், பதிவு செய்துகொண்டவரைத் தொடர்ந்து கவனித்துவருவதற்கு அரசாங்கமே மருத்துவருக்கு ஆண்டுக் கட்டணம் தருகிறது. பில்லை ஏற்றாமலும் ஒருவர் பிழைக்கலாம். உங்கள் மகன் பின்னால் ஒருநாள் தானே ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் மருந்தகம் திறந்தால், முதல் நாளே போய் மாத்திரை வாங்கிக்கொள்வேன். அவன் போகும் இடம் எனக்குப் பிரச்சினையே இல்லை. அவனை அங்கே தள்ளுவது எது என்பதுதான் பிரச்சினை.

தோழியின் மகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. மவுண்ட் எலிசபெத் போன்ற இடங்களில் இருக்கும் நிபுணர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையின் சம்பளக்காரர்கள் அல்லர். அறையைச் சொந்தமாக வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ உட்கார்ந்திருப்பவர்கள். வார்டுக்கும் அறுவை அறைக்கும் மருத்துவமனை தனியாகப் பில் போடும். மருத்துவர் தன் கட்டணத்துக்குத் தனியாகப் போடுவார். அதிலிருந்துதான் வாடகை, தாதியரின் சம்பளம், வழக்கு வந்தால் காப்பாற்றும் காப்புறுதி எல்லாம். காப்புறுதி நிறுவனங்களின் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் நோயாளி வருவதே குறையும். 2018 நவம்பரிலிருந்து சுகாதார அமைச்சு கட்டண அளவுகோல்களை வெளியிடுவதால், எந்த அறுவைக்கு எவ்வளவு என்பதை நோயாளியும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். காரைப் பார்த்தீர்கள். கடனைத் தோழி உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அரசாங்க மருத்துவமனை சொர்க்கம் என்றும் சொல்ல வரவில்லை. இளம் மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு வாரம் சராசரி 80 மணி என்று வரம்பு கட்ட வேண்டியிருக்கிறது என்றால் அது எப்படிப்பட்ட வேலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் எம்ஓஎச் ஹோல்டிங்ஸ் நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இடம் மாற்றும். ஆனால் அடிப்படைச் சம்பளம், இரவுப் பணிப் படி, போனஸ் என்று வருகிற பணத்தில், இன்று எத்தனை பேருக்கு எத்தனை மாத்திரை விற்றாய் என்ற கேள்வி கிடையாது. குடிமக்களுக்கு ஐந்து ஆண்டு, மற்றவர்களுக்கு ஆறு ஆண்டு என்று அரசாங்கம் கடப்பாடு வைப்பது மக்கள் பணத்தில் படிக்க வைத்ததற்காக. அது முடியும் மாதம் தெரிந்துதான் ஆள் தேடுகிறவர்கள் அழைக்கிறார்கள். 32 வயது, கல்யாணம் வரப்போகிறது, வீடு வாங்க வேண்டும். வலை வீசுவதற்கு அதைவிட நல்ல நேரம் உண்டா? அவன் அதில் விழவில்லை. பெற்றவளே பிடித்துத் தள்ளப் பார்க்கிறீர்கள்.

அவன் ஒப்பந்தத்தைப் படிக்கவே இல்லை என்று ஓரிடத்தில் குறைப்பட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தை இன்னொரு முறை பாருங்கள். ஒன்பதாவது பிரிவு, ஒரு நாளைக்கு எதிர்பார்க்கப்படும் நோயாளிகள் 50 என்று இருக்கும் இடம். ஓரத்தில் பென்சிலில் ஒரு சின்னக் கணக்கு. எட்டு மணி நேரம், 480 நிமிடம், 50-ஆல் வகுத்தால் 9.6. அந்த 9.6-ஐச் சுற்றி ஒரு வட்டம். முழங்கால் வலியோடு ஒரு பாட்டி கைத்தடியை ஊன்றி உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைப்பதற்கே ஐந்து நிமிடம் ஆகும். 2030-இல் இந்த நாட்டுக் குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் என்கிறார்கள். அவர்களில் நீங்களும் இருப்பீர்கள், நானும் இருப்பேன். நம்மைப் பார்க்கப்போகிறவன் போட்ட கணக்கு அது.

பெற்றவர்களுக்கு மகன் செய்ய வேண்டியதைச் செய்தே ஆக வேண்டும் என்பதில் நான் பழைய காலத்து ஆள்தான். கல்யாணமானதும் வீட்டுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தும் பிள்ளைகளை இதே பக்கத்தில் எத்தனையோ முறை வைதிருக்கிறேன். உங்கள் மகன் முதல் சம்பளத்திலிருந்தே மாதம் தவறாமல் கொடுக்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவன் கடமையில் குறை இல்லை. பெற்றவளுக்கு அவன் கடமைப்பட்டது மாதச் செலவுக்குப் பணமும் முதுமையில் துணையும். கையெழுத்து அந்தக் கணக்கில் வராது.

இனி ஆக வேண்டியது. இன்று இரவு அவன் வேலை முடிந்து வந்ததும், சாப்பாடு போட்டுவிட்டு, பெண் வீட்டில் என்ன சொன்னீர்கள் என்பதை அவனிடம் சொல்லுங்கள். கோபப்படுவான், படட்டும். இந்தச் சனிக்கிழமை நீங்களும் உங்கள் கணவரும் பெண் வீட்டுக்கு நேரில் போங்கள். தொலைபேசியில் வேண்டாம். குறுஞ்செய்தி வேண்டவே வேண்டாம். “நாங்கள் சொன்ன சம்பளம் அவனுடையது அல்ல, அவன் வேண்டாம் என்ற வேலையுடையது, அவனுக்குத் தெரியாமல் சொல்லிவிட்டோம்” என்று அந்தத் தகப்பனார் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். உண்மையான சம்பளத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்குள் இது நடக்க வேண்டும்.

கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் இருக்கும். அந்தப் பெண் உங்கள் மகனோடு தினமும் பேசுகிறாள் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அவன் என்ன வாங்குகிறான் என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தன் அப்பா வீட்டு விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தும், உங்கள் மானம் போய்விடக் கூடாது என்று அவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. சனிக்கிழமை வரை அவளைக் காக்க வைக்காமல் முடிந்தால் வெள்ளிக்கிழமையே போங்கள்.

அந்த இரண்டு பக்கங்களையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.