க்யூ7-ஐ விட்டு மக்கானுக்கு மாறலாமா?

காரைக்குடியில் இருந்துகொண்டு ஆடி க்யூ7-ஐக் கொடுத்துவிட்டு பெட்ரோல் போர்ஷே மக்கான் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்து பேருக்கு மேல் ஏறுவது அபூர்வம் என்றால் தாராளமாக மாறலாம். அப்பத்தா, ஐயா, பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே வண்டியில் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பும் வீடென்றால் வேண்டாம். மக்கானில் மூன்றாவது வரிசை சீட் கிடையாது.

மக்கானை ஓட்டுகிற சுகம் வேறு ரகம். க்யூ7 நீளம் 5 மீட்டரைத் தாண்டும்; மக்கான் சுமார் 4.7 மீட்டர்தான், எடையும் குறைவு. திருச்சி ரோட்டில் லாரியைத் தாண்டும்போது அந்தச் சுறுசுறுப்பு உடனே தெரியும். வளைவில் வண்டி அவ்வளவாகச் சாயாது.

ஆனால் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கம். பெரிய வீலில் டயரின் பக்கச்சுவர் ஒல்லியாக இருக்கும், கானாடுகாத்தான் உள்தெருப் பள்ளமெல்லாம் இடுப்புக்கு வந்துவிடும். சிறிய வீலையே கேளுங்கள். அப்புறம், பின்சீட்டில் ஐயாவை உட்காரவைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.