மீன் தொட்டி: கேள்வி – பதில்

கேள்வி: இரண்டடித் தொட்டியில் நான்கு கோல்டுஃபிஷ் இருக்கின்றன. ஒன்றுக்கு விலாவில் செதில் உரிந்து, வால் கிழிந்திருக்கிறது. கல்லுக்கு அடியில் கறுப்பாக அழுக்கு. எல்லாக் கல்லையும் அள்ளி பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவச் சொல்கிறார்கள். செய்யலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: தயவுசெய்து வேண்டாம். மீன் கழிவில் உண்டாகும் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அந்தக் கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும்தான் ஒட்டி வாழ்கிறது. பிளீச்சிங் பவுடர் அதைக் கொன்றுவிடும். சில நாளில் அமோனியா ஏறி, செவுள் வெந்துபோகும். நல்ல மீனே தாங்காது. ஆனால் கல்லிடுக்கில் அழுகும் தீனி புண்ணில் தொற்றும் கிருமியை வளர்க்கிறது என்பதும் உண்மை. அதனால் சுத்தம் செய்யத்தான் வேண்டும், பகுதி பகுதியாக.

முதலில் காயம்பட்ட மீனைத் தனியே பிரித்து வையுங்கள். வலை போட்டால் இன்னும் செதில் உரியும். கிண்ணத்தை முக்கித் தண்ணீரோடு மொண்டு எடுங்கள். டப்பில் 10 லிட்டர் தொட்டித் தண்ணீர், 10 லிட்டர் குளோரின் போன தண்ணீர், ஒரு ஏர் பம்ப். லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் 40 கிராம் கல் உப்பு. காலையில் பாதி, மாலையில் பாதி, கரைத்து ஊற்றவும். டப்பில் ஃபில்டர் கிடையாது, எனவே தினமும் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். 10 லிட்டர் மாற்றினால் 20 கிராம்தான் போட வேண்டும். தினமும் 40 போட்டுக்கொண்டே போனால் உப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். மஞ்சள் தூள் கரையாமல் அடியில் படியும், போடாதீர்கள். புண்ணில் பஞ்சுபோல வெள்ளை படர்ந்தால் உப்பு மட்டும் போதாது, மருந்து தேவை.

தொட்டியில் எடுத்த 10 லிட்டரை ஈடுகட்டிவிட்டு, கல்லை மறுநாள் தொடுங்கள். இரண்டடிக்கு ஓரடி, ஓரடி உயரத் தொட்டியில் கல்லும் மேல் இடைவெளியும் போகச் சுமார் 45 லிட்டர் நிற்கும். ஒரு தடவைக்கு 11 லிட்டருக்கு மேல் எடுக்க வேண்டாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் புதிதாக ஐந்தடி வாங்குங்கள். அரை லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டி, மூடியில் ஓட்டை போட்டு டியூபைச் செருகினால் கருவி தயார். வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டுங்கள், மீன் உரசும். ஃபில்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டியூப் நிறையத் தண்ணீர் நிரப்பி, நுனியை விரலால் பொத்தி வாளிக்குள் இறக்கித் திறவுங்கள்; வாயால் உறிஞ்ச வேண்டாம். பாட்டிலைக் கல்லில் ஓர் அங்குலம் புதைத்தால் அழுக்கு மேலே ஏறும். கல்லும் கூட ஏறினால் டியூபை நசுக்குங்கள், விழுந்துவிடும்.

முதல் தடவை தரையில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்த வாரம் இன்னொரு பங்கு. கறுப்புத் திட்டில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு விஷம். கையால் கிளறாமல் மேலிருந்து அரை அரை அங்குலமாக உறிஞ்சுங்கள். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் நிறுத்திவிட்டுக் காற்றைக் கூட்டி, இன்னொரு கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். அன்றைக்கே ஃபில்டர் பஞ்சைக் கழுவக் கூடாது. உங்கள் கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போடாமல் தொட்டியில் விடாதீர்கள்.

கேள்வி: முனிசிபாலிட்டி தண்ணீரா, போர் தண்ணீரா? – வாசகர், மன்னார்குடி

பதில்: எதுவானாலும் ஒருநாள் திறந்த வாளியில் ஏர் பம்ப் ஓடட்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் போகும். போர் தண்ணீரில் குறைவாக இருக்கும் காற்று கூடும். நாகை, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் கரித்தால் அது கோல்டுஃபிஷ்ஷுக்கு ஆகாது.

கேள்வி: பூம்புகாரில் பொறுக்கிய கிளிஞ்சல்களைத் தொட்டியில் போடலாமா? – வாசகி, மயிலாடுதுறை

பதில்: உடைந்த விளிம்பு கத்திபோல வெட்டும், சுண்ணாம்பு கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையும் கூடும். எந்தக் கல்லானாலும் பழைய நைலான் சேலையில் தேய்த்துப் பாருங்கள். இழை மாட்டினால் துடுப்பும் கிழியும். ஆற்று மணல் போடுவதானால் இரண்டு சென்டிமீட்டர் போதும். கனமாகப் போட்டால் இறுகி, அடியில் காற்றில்லாமல் கறுத்துவிடும்.